ஏ.சி. தண்ணீரில் ஓர் ஆடிப்பெருக்கு

1

என்மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் யாராவது மிச்சம் இருந்தால், இந்தக் குறிப்பை அவர்கள் படிக்காமல் விடுவது நல்லது. ஐம்பதைத் தாண்டிய, பட்டம் வாங்கிய, ஆபீசில் நாலு பேர் சார் என்று கூப்பிடுகிற நான், இந்த வருஷம் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டினேன். வெட்டி, அதற்கு ஒரு மதகும் வைத்தேன். அதோடு நின்றிருந்தால் வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த மதகை நான் அடைத்ததால், கீழ்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் உயிரோடு வேகப் பார்த்தார்.

நான் நன்னிலத்துக்காரன். நன்னிலம் என்றால் டவுன் இல்லை, அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் ஒரு கிராமம். வளைகுடாக் கரையில் இருக்கும் இந்தப் பாலைவன நகரத்துக்கு வந்து இருபது ஆடி ஆகிறது. மற்றவர்கள் வருஷத்தைக் கணக்கு வைப்பார்கள். என் மனைவி கோமதி ஆடியைக் கணக்கு வைப்பாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2

இங்கத்து வெயிலை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "கத்திரி வெயில்ல களத்துல நின்னவங்கதானேண்ணே நாம, அதவிடவா?" என்று தம்பி சேகர் போனில் கேட்பான். அதைவிடத்தான். நம் ஊர் வெயில், ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினால் விட்டுவிடும். இங்கே நிழலும் வெயிலோடு கூட்டணி வைத்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் பிறந்துவிட்டால் காரின் ஸ்டீயரிங்கைத் துண்டு சுற்றித்தான் பிடிக்க முடியும். மொட்டைமாடித் தொட்டி கொதிப்பதால் சாதாரணக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். அதனால் கோடை வந்ததும் எல்லா வீட்டிலும் குளியலறை ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவோம். வீட்டுக் குளிர்ச்சியில் தொங்கும் அந்த ஹீட்டருக்குள் கிடக்கும் தண்ணீர் மட்டும் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆக, பச்சைத் தண்ணீர் வேண்டுமானால் சிவப்புப் புள்ளிக் குழாய், வெந்நீர் வேண்டுமானால் நீலப் புள்ளிக் குழாய். வருஷத்தில் நாலைந்து மாதம் இப்படித் தலைகீழாகக் குளித்துப் பழகியவர்கள் நாங்கள். லீவில் ஊருக்கு வரும்போது எதிலாவது தடுமாறினால், வெளிநாட்டுத் திமிர் என்று நினைக்காமல் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீடு, கார், ஆபீஸ், கார், கடை, கார், வீடு. ஒரு குளிர்ந்த பெட்டியிலிருந்து இன்னொரு குளிர்ந்த பெட்டிக்குப் போவதற்குப் பெயர்தான் இங்கே வாழ்க்கை. நடுவில் வரும் இருபது முப்பது அடியை, பெருமழையில் வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கு ஓடுவது போல ஓடிக் கடப்போம். ஜன்னல்கள் உண்டு. எங்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலைத் திறக்க முடியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சண்டை போட்டால் குரல் வெளியே போகாது, அழுதாலும் போகாது. எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே சத்தம் ஏ.சி.யுடையது. அது ஓடும்வரை காதில் விழாது. நின்றால் தூக்கத்திலும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். இந்த ஊரில் நிசப்தம் என்றால் அபாயம்.

என் மகள் இனியா இங்கேயே பிறந்தவள், பத்தாம் வகுப்பு. அவளுக்கு இது எதுவும் கஷ்டமாகத் தெரியவில்லை. போன தடவை நன்னிலம் போயிருந்தபோது நாலாவது நாள் என்னிடம் வந்து, "அப்பா, வீட்டுக்கு எப்ப போவோம்?" என்றாள்.

"வீட்லதானேடி இருக்கோம்?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு வீடாக இருப்பது அவளுக்கு லீவு. அவளுக்கு வீடாக இருப்பது எனக்கு வேலை. இரண்டுக்கும் நடுவில் விமானத்தில் நாலு மணி நேரம்தான் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறார்கள்.

3

விஷயம் தொடங்கியது கோமதியின் முழங்கால் வலியில். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார், வைட்டமின் டி மிகவும் குறைவு, உடம்பில் வெயிலே படவில்லை என்று. வருஷம் முழுக்கச் சூரியனுக்கு நேர் கீழே குடியிருக்கும் பெண்ணுக்கு வெயில் பற்றாக்குறை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் இதை வைத்து வழக்கம்போல ஏதோ நகைச்சுவை பண்ணினேன். கோமதி சிரிக்கவில்லை. காரில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, நேராகப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் இனியாவக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடறேங்க. பரிட்சை முடிஞ்சதும் பதினொண்ணாவது திருவாரூர்ல சேத்துக்கலாம்."

"திடீர்னு என்ன?"

"திடீர்னு இல்ல. வெயில மாத்திரையில முழுங்குறேன். ஆடிப்பெருக்கு பாத்ரூம் வாளியில கும்புடறேன். இந்தக் கதவுக்குள்ள நான் செத்துக் கெடந்தாக்கூட ஏ.சி. பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். பக்கத்து வூட்டுக்குத் தெரியாது."

வாளி விஷயம் எனக்குத் தெரியும். ஆடி பதினெட்டுக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆற்றங்கரையில் கூடுவார்கள். பழம், காதோலை கருகமணி, காப்பரிசி எல்லாம் வைத்துக் கும்பிட்டு, தாலியின் பழைய மஞ்சள் கயிற்றை அவிழ்த்து ஆற்றில் விட்டுப் புதுக்கயிறு போட்டுக்கொள்வார்கள். கல்யாணமான முதல் ஆடியை மட்டும் கோமதி முடிகொண்டான் ஆற்றங்கரையில் கும்பிட்டாள். அடுத்த ஆடியிலிருந்து குளியலறையில், வாளிதான் ஆறு. போன வருஷம் நான் அவசரத்தில் எந்தப் புள்ளி எந்தக் குழாய் என்று மறந்து வாளியை நிரப்பிவிட்டேன். அவள் கையை விட்டதும் சுட்டுவிட்டது. கயிறு தரையில் விழுந்தது. நல்ல நாளில் அப்படி விழுந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனின் வாய் சும்மா இருக்குமா? ஆறு என்பது மனம் சார்ந்த ஒரு கருத்து என்ற ரீதியில் ஆரம்பித்தேன். அவள் இடையில் வெட்டினாள்.

"ஓடுற தண்ணிங்க. அவ்ளோதான். எங்க ஓடுது இங்க?"

"நான் காட்டுறேன். வர்ற ஆடிப்பெருக்குக்கு ஓடுற தண்ணி காட்டலைன்னா நானே டிக்கெட் போட்டுத் தர்றேன்."

"காட்டிட்டா?"

"இங்கயே இருக்கணும்."

கணக்குப் பாடத்தில் பாஸாகிவிடுவேன் என்று சத்தியம் செய்யும் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சரி," என்றாள்.

கடலுக்குக் கூட்டிப் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கூட்டிப் போயிருக்கிறேன். உப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இது வடிஞ்ச தண்ணி," என்று திரும்பிவிட்டாள். டெல்டாவில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் மேற்கிலிருந்து வருவது. கிழக்கே போய்ச் சேர்ந்த பிறகு அதில் கும்பிட என்ன இருக்கிறது?

4

எங்கள் கட்டடம் மூன்று தளம், பழையது. பின்பக்கம் மதில் வரைக்கும் ஒரு சின்ன மணல் முற்றம். எல்லா வீட்டு ஏ.சி.களின் வடிகுழாய்களும் பின்சுவரில்தான் தொங்கும். ஆடி மாதம் இங்கே புழுக்க மாதம். கடலோரமாதலால் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும், ஏ.சி. அந்த வேலையைத்தான் செய்கிறது. குழாய் ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாக, சில நேரம் நூல் போல, விடாமல் தண்ணீர் விழுந்து மணலில் மறைந்துகொண்டிருக்கும். இருபது வருஷம் இதைப் பார்த்திருக்கிறேன். இப்போதுதான் அது தண்ணீராகக் கண்ணில் பட்டது.

குப்பை கொட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நம் பக்கத்து ஆளுக்குத் தண்ணீர் வீணாக மண்ணில் இறங்குவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. சுவரை ஒட்டி நட்டுக்குத்தலாக ஒரு பி.வி.சி. பைப் பொருத்தினேன். எல்லா வீட்டு வடிகுழாய்களையும் அதில் சேர்த்தேன். பைப்பின் அடிமுனை, மாடிப்படி நிழலில் வைத்த ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம்முக்குள் போனது. கொசு வரக்கூடாதென்று டிரம்மை இறுக்கி மூடி, இடுக்குகளைப் பசை வைத்து அடைத்தேன். டிரம்மின் அடியில் ஒரு திருகு குழாய், அதுதான் மதகு. அங்கிருந்து முற்றத்தின் குறுக்கே மணலை வெட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, வாட்டம் பார்த்து ஒரு வாய்க்கால். மேற்கே தொடங்கிக் கிழக்கே முடியும்படி வெட்டினேன். கோமதிக்கு அது முக்கியம்.

கீழ்த்தளத்துக் கடைசி வீட்டில் இருப்பவர் ஜாபர் பாய். கூத்தாநல்லூர்க்காரர், என்னைவிட மூத்தவர். துறைமுகத்தில் திறந்தவெளிச் சரக்குக் களத்தில் இரவு டியூட்டி. விடிந்ததும் வந்து படுத்தால் சாயங்காலம் எழுந்திருப்பார். மனைவி ஆயிஷாவும் குடும்பமும் கூத்தாநல்லூரில். சாவியைத் தொலைப்பதில் வல்லவர் என்பதால் மாற்றுச்சாவி ஒன்றைக் கோமதியிடம் கொடுத்து வைத்திருந்தார். அவள் அவ்வப்போது குழம்பு கொடுத்து அனுப்புவாள். அவளைத் தங்கச்சி என்பார். என்னை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்.

நான் பைப்பும் கையுமாக நின்ற ஒரு சாயங்காலம் கைலியோடு வெளியே வந்தார்.

"என்னா நன்னிலத்தாரே, பொதுப்பணித்துறையில வேலை கெடச்சிடுச்சா?"

"ஆடிப்பெருக்குக்கு பாய். உங்க ஏ.சி. தண்ணியையும் சேத்துக்கறேன்."

"கடைசி வூட்டுக்காரன் தண்ணியையும் புடுங்கியாச்சா? ஊர்லதான் வாய்க்கா தலைப்புல இருக்கவங்க அடைச்சிக்கிட்டீங்க. இங்கயுமா?"

"முறை வச்சு உங்களுக்கும் உடுவோம் பாய்."

"உடுவீங்க, உடுவீங்க. நாங்க செத்த அப்பறம் உடுவீங்க."

இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

அன்றைக்கு சேகருக்கும் போன் பண்ணிப் பெருமை அடித்துக்கொண்டேன். "குறுவையாண்ணே, சம்பாவாண்ணே?" என்று கேட்டான். பிறகு ஊர் நிலவரம் சொன்னான். மேட்டூர் திறந்து நம் பக்கம் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் வேலை நடக்கிறது. வாய்க்காலின் கடைசிக் கோடியான கடைமடைக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆட்கள் சத்தம் போடுகிறார்கள்.

"அவங்க எப்பவும் சத்தம் போடுறவங்கதானடா," என்றேன்.

5

ஆடிப்பெருக்கன்று லீவு போட்டேன். இரண்டு நாளாக மதகைத் திறக்காமல் தேக்கியிருந்ததால் டிரம் தளும்ப இருந்தது. விடிந்தும் விடியாத நேரம். அந்த வேளையிலேயே காற்று ஈரத்துணி போல முகத்தில் ஒட்டியது. கோமதி மஞ்சள் புடவையில் வந்தாள். வாய்க்கால் ஓரத்தில் மணலை மெழுகுவது போலத் தட்டிச் சமப்படுத்தி, வாழையிலை விரித்து, எல்லாவற்றையும் வைத்தாள். மஞ்சளில் ஒரு பிள்ளையார். இனியா தூக்கக் கண்ணோடு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மதகைத் திறந்தேன்.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு தண்ணீர் வந்தது. மெல்லிய நுரையோடு, மணலையும் இரண்டு சிகரெட் துண்டையும் தள்ளிக்கொண்டு, தயங்கித் தயங்கி, பிறகு தயங்காமல் கிழக்கே ஓடியது. புதுத் தண்ணீர் முதன்முதலில் வாய்க்காலில் வரும்போது எப்படி நாக்கு நீட்டிக்கொண்டு வருமோ, அதேபோல. நான் இதை வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்டபோது வேடிக்கையாக எதுவும் சொல்ல வரவில்லை.

கோமதி குனிந்து கையை நனைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பழைய கயிற்றை விட்டாள். அது சுழன்று, இலையில் தட்டி, விடுபட்டு ஓடியது. புதுக்கயிறு கட்டிக்கொண்டாள்.

"ஓடுதுங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"இட்ஸ் ஆக்சுவலி நைஸ்," என்றாள் இனியா. மகள் வாயிலிருந்து டெல்டாவுக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ்.

பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். அதோடு போய்க் காப்பி குடித்திருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் வீடியோ காலில் சேகருக்குக் காட்ட வேண்டுமே. டிரம்மில் முக்கால்வாசித் தண்ணீர் மிச்சம் இருந்தது. மதகை இறுக்கி அடைத்துவிட்டு மேலே போனேன். படியேறும்போது பாய் டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. "சளி நன்னிலத்தாரே. மாத்திர போட்டுட்டுப் படுக்கப்போறேன். சாயங்காலம் எழுப்பாதீங்க, நானே வர்றேன். காப்பரிசி எனக்கும் வைக்கச் சொல்லுங்க," என்றார்.

6

மூன்று மணி வாக்கில் கோமதி ஒரு கிண்ணத்தில் காப்பரிசி போட்டு இனியாவிடம் கொடுத்தாள். பாய் எழுந்திருந்தால் கொடு, இல்லையென்றால் திரும்பி வா என்று சொல்லி அனுப்பினாள். போனவள் உடனே ஓடி வந்தாள்.

"அப்பா, பாய் மாமா வீட்டு ஏ.சி. ஓடல."

"வெளிய போயிருப்பாரு."

"செருப்பு இருக்கு. சவுண்டே இல்லப்பா. ஏதோ தப்பு."

நான் அவர் தூங்கட்டுமே என்றேன். அவள் கத்தினாள். என் மகள் என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. கோமதி சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.

கதவைத் திறந்ததும், நெல் அவிக்கும் கொப்பரையின் மூடியைத் தூக்கியது போல ஆவி முகத்தில் அடித்தது. சுவரில் இருந்த ஏ.சி.யின் வாய் வழியாகத் தண்ணீர் வழிந்து, கீழே பிளக்கில் இறங்கி, மின்சாரம் நின்றுபோயிருந்தது. அறைக்குள் சொட்டும் சத்தம். பாய் பாயில் கிடந்தார். முகம் செங்கல் நிறம். உடம்பில் துளி வியர்வை இல்லை. கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்த்து, என்னை அல்லாத யாரிடமோ சொன்னார்:

"ஆயிஷா, மழ வருது பாரு. மாடியில துணி கெடக்கு. எடுத்துடு."

அது என்ன மழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேல்வீட்டுத் தண்ணீரெல்லாம் டிரம்மை நிரப்பி, போக வழியில்லாமல் பைப்பில் ஏறி, இருப்பதிலேயே தாழ்வான குழாய் வழியாக உள்ளே திரும்பியிருக்கிறது. கடைசி வீடு.

கோமதிக்கும் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை. "மதகத் தொறங்க," என்றாள். ஓடிப்போய்த் திறந்தேன். காலையில் அவ்வளவு அழகாக ஓடிய தண்ணீர் இப்போதும் அவ்வளவு அழகாகத்தான் ஓடியது.

நான் திரும்பி வந்தபோது இனியா பாயின் சட்டையைக் கத்தரித்துவிட்டு, எங்கள் வீட்டு ஹீட்டர் தண்ணீரில் நனைத்த துண்டுகளைப் பாயின் கழுத்திலும் அக்குளிலும் வைத்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்சுக்குப் பேசியிருந்தாள், அரபியில். ஒவ்வொரு கோடையிலும் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுப்பார்களாம். எனக்குத் தெரியாது. நன்னிலத்தில் மழைக்காலத்தில் எந்த வரப்பை முதலில் வெட்ட வேண்டும் என்று அவள் வயதில் எனக்குத் தெரிந்திருந்தது போல, அவளுக்கு அவள் ஊர் தெரிந்திருக்கிறது. அவள் எங்கிருந்தோ விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் கவலைப்பட்டேன். அவள் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். கவனிக்காதவன் நான்.

காப்பரிசிக் கிண்ணம் வாசற்படியில் கவிழ்ந்து கிடந்தது.

7

ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருந்தவர் முதலில் அரபியிலும் பிறகு ஆங்கிலத்திலும் கேட்டார்: நோயாளிக்கு நீங்கள் யார்? கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு, கம்பெனி ஆள். இதில் ஒன்றைச் சொன்னால்தான் உள்ளே விடுவார்களாம். ஊர்க்காரன் என்று நம் மொழியில் ஒரு சொல் போதும். அவருடைய கணினியில் அதற்கு இடம் இல்லை. இருபது வருஷம் ஆபீசில் ஆங்கிலம் எழுதிப் பிழைக்கும் நான் ஒரு நல்ல சொல்லுக்காகத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து கோமதி முன்னால் வந்தாள்.

"சிஸ்டர்," என்றாள்.

அவர் நிமிர்ந்து அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். கழுத்தில் இருந்த புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். திரையில் இருந்த ஜாபர் பாயின் பெயரைப் பார்த்தார். தட்டச்சு செய்து, அவளுக்கு மட்டும் ஓர் அட்டை கொடுத்தார்.

நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. பலமாக ஓடிக்கொண்டிருந்தது. பாய் பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வயல் வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து தண்ணீர் முதலில் எங்களுக்கு, வெள்ளம் வந்தால் முதலில் வடிவதும் எங்களுக்கு. நாங்கள் அடைத்தால் கீழே என்ன ஆகும், நாங்கள் வெட்டிவிட்டால் கீழே என்ன ஆகும் என்று பார்க்க யாரும் நடந்து போனதில்லை. அவர்கள் சத்தம் போடுவார்கள், அது எங்களுக்குத் தூரத்தில் கேட்கும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கீழே இருப்பவன் கண்ணில் படமாட்டான், அவ்வளவுதான். கடல் தாண்டி, பாலைவனத்துக்கு வந்து, சொட்டுத் தண்ணீரை வைத்து ஒரு வாய்க்கால் கட்டும்போதும் நான் தலைமடைக்காரனாகவே கட்டியிருக்கிறேன். பாய் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியும் பார்த்தார்.

இருட்டியதும் டாக்டர் வெளியே வந்தார். சூடு இறங்கிவிட்டது, பேசுகிறார், சிறுநீரகத்தை மட்டும் சில நாள் பார்க்க வேண்டும் என்றார். துண்டு வைத்தது யார் என்று கேட்டார். இனியாவைக் காட்டினேன். அவர் அவளுக்குக் கை கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. சரிதான்.

8

பாய் வீடு திரும்பிய வாரம், வாய்க்காலைப் பிரித்துப் போட்டுவிட்டு, கோமதியிடம் போய் நின்றேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி. கதவுக்குள்ள செத்துக் கெடந்தாலும் தெரியாதுன்னு சொன்ன. கண்ணால பாத்துட்டேன். டிக்கெட் போட்டுடறேன், பரிட்சை முடிஞ்சதும் போயிடுங்க."

"போட வேணாம்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன அற்ப சந்தோஷம். "ஓடுற தண்ணி காட்டிட்டேங்கறதுக்காகவா?"

"அந்தத் தண்ணியக் கொண்டுபோய்க் குப்பையில ஊத்துங்க," என்றாள் கோமதி. "அந்த மனுசன் கீழ தனியாக் கெடக்குறாரு. சாவி எங்கிட்ட இருக்கு. அத யாருகிட்ட குடுத்துட்டுப் போறது? உங்ககிட்டயா?"

இப்போது மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை, அவள் கீழே போய்ப் பாயின் ஏ.சி. ஓடுகிறதா என்று வெளியில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வருகிறாள். அந்த நடையில் கொஞ்சம் வெயிலும் மேலே படுகிறதாம். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று பாயிடம் போயிருக்கிறது.

"அப்ப நாம வீட்லயேதான் இருக்கோமா?" என்று இனியா அறையிலிருந்து கேட்டாள்.

"ஆமா, வீட்லதான்," என்றேன். எந்த வீடு என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாயைச் சாப்பிடக் கூப்பிட்டோம். இளைத்திருந்தார், சட்டை தொளதொளத்தது. கவிழ்ந்து போனதற்குப் பதிலாகக் கோமதி புதிதாகக் காப்பரிசி செய்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்பதற்காக, தலைமடை, கடைமடை, மனிதன் கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்றெல்லாம் நல்ல உரை ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். குரல் தழுதழுக்கச் சொல்லியும் முடித்தேன். பாய் வெல்லமும் தேங்காயும் சேர்ந்த அரிசியை நிதானமாக மென்றுகொண்டே கேட்டார்.

"ஊர்ல உங்க நெலத்த யாரு பாக்குறா?"

"தம்பி, பாய்."

"மதகு, வாய்க்கா, தண்ணி உடுறது, எல்லாம் தம்பிதானா?"

"ஆமா பாய். நான் காலேஜ், வேலைன்னு வெளியவே இருந்துட்டு, அப்படியே இங்க வந்துட்டேன்."

பாய் கிண்ணத்தைக் கீழே வைத்து, கோமதியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"இவரு பொழைக்க வந்தாருன்னு நெனச்சிட்டிருந்தேன் தங்கச்சி. இல்ல. ஊரு பொழைக்கட்டும்னு அனுப்பி வச்சிருக்காங்க."